உப்பிய பேட்டரி, டப்பா டிவி, ஓய்ந்துபோன இன்வெர்ட்டர்: வாசகர் கேள்வி பதில்

போகிக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு பதிலுக்கு நடுவே, போகி நெருப்பில் சார்ஜர் வயர், பழைய ரிமோட், பேட்டரிக் கட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறார்கள், சில பேட்டரியில் இருக்கும் ஈயம் விஷம், தயவுசெய்து எரிக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், காயலான் கடையில் உடைக்கவும் விடாதீர்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்துப் படிக்கவே ஒரு வாரம் ஆனது. பெரும்பாலானவர்கள் கேட்டது ஒன்றுதான்: "எரிக்காதே, குப்பையில் போடாதே என்கிறீர்கள், சரி, வேறு என்னதான் செய்வது?" நியாயமான கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்த எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயமும்கூட. அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க இதற்கே.

எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி ஐந்து வருடம் ஓடி நின்றுவிட்டது. புதுசு வாங்கும் கடையில் பழசுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி அதைவிட 400 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். யாருக்குக் கொடுக்கலாம் ஐயா? ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டால் தூக்க லேசாக இருக்கும் என்று என் மகன் சொல்கிறான்.
— இல்லத்தரசி, திருச்சி

முதலில் ஆசிட் விஷயம் அம்மா. ஒரு சொட்டுகூடச் சாய்க்க வேண்டாம். அது வெறும் கந்தக அமிலம் இல்லை, ஐந்து வருடமாக உள்ளே உதிர்ந்த காரீயத் தூளும் அதில் கலந்திருக்கிறது. சாக்கடையில் ஊற்றினால் அது எங்கேயும் காணாமல் போவதில்லை, மண்ணிலும் தண்ணீரிலும் அப்படியே தங்கும். தூக்க முடியவில்லை என்றால் கடைக்காரரின் ஆட்களையே வரச் சொல்லுங்கள், புதுசைக் கொண்டுவருகிறவர்களே பழசை எடுத்துப்போவதுதான் வழக்கம். படுக்கவைக்காமல், நிமிர்த்தியபடியே போக வேண்டும், அவ்வளவுதான். மகன் எங்காவது கை வைத்துவிட்டு ஆசிட் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

இனி அந்த 400 ரூபாய். உங்கள் வீட்டில் இருப்பது, இன்வெர்ட்டருக்கு வழக்கமாகப் போடும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியாக இருந்தால் எடை 50 கிலோவுக்குக் குறையாது, அதில் பாதிக்கு மேல் காரீயம். காரீயத்தை எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாமல் திரும்ப எடுக்கலாம், அதனால் உங்கள் பழைய பேட்டரி குப்பையே இல்லை, நல்ல சரக்கு. அதனால்தான் இரண்டு பேர் போட்டி போட்டு விலை கேட்கிறார்கள். முறையான ஆலையில் அதை மூடிய இயந்திரத்தில் உடைத்து, அமிலத்தைத் தனியாகப் பிடித்துச் சுத்திகரித்து, புகைபோக்கியில் வடிகட்டி வைத்துத்தான் உருக்குவார்கள். இதற்கெல்லாம் செலவு ஆகும். ஆனால் காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடுகிற உலோகம், விறகு அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டு, சம்மட்டியால் பேட்டரியை உடைத்து, ஆசிட்டைத் தரையில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காரீயத் தட்டுகளைச் சட்டியில் போட்டு உருக்குகிறவருக்கு அந்தச் செலவு எதுவும் கிடையாது. உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 400 ரூபாய் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தக் கொட்டகையின் தூசி என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாராய் என்று ஒரு குடியிருப்பு. அங்கே பழைய கார் பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்துவந்தார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மண்ணில் விளையாடியவர்கள், அந்த மண் ஒட்டிய வீட்டில் தவழ்ந்தவர்கள். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே காரீயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அதனால் கடைக்காரருக்கே கொடுங்கள். பில்லில் "பழைய பேட்டரிக்குக் கழித்தது" என்று தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கில் வந்த பேட்டரி கணக்கோடு போவதற்கு வாய்ப்பு அதிகம்.

எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். நீங்கள் ஈயம் விஷம் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மருமகள் அந்தச் சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்!
— வாசகி, கும்பகோணம்

நான் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் அம்மா. ரசச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பெயரில்தான் உறவு, இரண்டும் வேறு வேறு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம்தான், அது நம் உடம்பைக் காரீயம் மாதிரிப் படுத்தாது. உங்கள் பாட்டி வைத்த ரசத்தில் தப்பில்லை.

ஆனால் மருமகள் பயந்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காரீயம் விலை குறைவு, அதனால் கலப்படம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. புதிதாக வாங்குகிற சொம்பு என்றால் தெரிந்த கடையில் வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். ரசத்தின் புளிப்பு காரீயத்தைக் கரைத்துவிடும். எங்கள் தொழிலில் பற்றவைக்கிற சால்டர் கம்பி 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது. அதைத் தொட்ட கையோடு எத்தனையோ நாள் வடையை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன், அப்போது சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இன்றைக்கு இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படித்தால், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் கண்ணுகளா.

என் போன் பேட்டரி உப்பி, பின்பக்க மூடியே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் கொஞ்ச நாள் ஓடும் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா அண்ணா?
— தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

வேண்டவே வேண்டாம் தம்பி. உள்ளே இருப்பது காற்று இல்லை. லித்தியம் அயன் பேட்டரிக்குள் தீப்பற்றக்கூடிய திரவம் ஒன்று இருக்கிறது, அது கெட்டுப்போய் வாயுவாக மாறித்தான் உப்புகிறது. ஊசி குத்தினால் உள்ளே மெல்லிய தாள் மாதிரி இருக்கிற தடுப்பு கிழிந்து, நேர்முனையும் எதிர்முனையும் ஒட்டி, சில நொடியில் சூடு ஏறிப் பற்றிக்கொள்ளும். அந்தச் சூடே அடுத்த வேதிவினையைக் கிளப்பிவிடும், ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்காது. வருகிற புகையும் நச்சு.

இப்போதே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், போனை அணைத்துவிடுங்கள். மூடியை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்க வேண்டாம். ஒரு எவர்சில்வர் டப்பாவிலோ மண்சட்டியிலோ காய்ந்த மணலைப் போட்டு, அதில் வைத்து, வெயில் படாத, பக்கத்தில் துணியோ காகிதமோ இல்லாத இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் வேண்டாம், தலையணைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மறுநாளே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவர் கழற்றட்டும். மீறிப் பற்றிக்கொண்டால், போன் அளவு பேட்டரி என்றால் நிறையத் தண்ணீரை ஊற்றலாம், சார்ஜரில் செருகியிருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி என்றால் எதையும் காப்பாற்றப் போகாமல் வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்து 101க்குப் போன் செய்யுங்கள்.

பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர், பிள்ளைகளின் ரிமோட் கார், முடி வெட்டும் டிரிம்மர் எல்லாவற்றிலும் இதே பேட்டரிதான் இருக்கிறது. இவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை லாரியில் அமுக்கும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். லாரியில் நிற்பவர் நமக்குத் தெரிந்த முகம், தினமும் காலையில் விசில் ஊதிக்கொண்டு வருகிறவர். அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2009ல் அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஓடவில்லை. பழைய சாமான்காரர் பார்த்துவிட்டு "டப்பா டிவி வேண்டாம்" என்று போய்விட்டார்.
— விவசாயி, திண்டிவனம்

2006லிருந்து 2011 வரை அந்தத் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான டிவி தமிழ்நாட்டில் கொடுக்கப்பட்டது. கூரை வீட்டிலும் கலர் படம் தெரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான், அந்த டிவிகளில் எத்தனையோ என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. இப்போது அவற்றில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன, அவற்றோடு நாம் காசு கொடுத்து வாங்கிய டப்பா டிவிகளும் சேர்ந்து எங்கோ போகின்றன. எங்கே போகின்றன என்பதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

பிக்சர் டியூபுக்குப் பின்னால் புனல் மாதிரி இருக்கும் கண்ணாடியில் காரீயம் கலந்திருக்கிறார்கள், உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் இருக்க. பெரிய டிவி என்றால் ஒரு டிவியிலேயே ஒரு கிலோவுக்கு மேல் காரீயம். டிவி ஓடும்வரை அது கண்ணாடிக்குள் அடங்கிக் கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஓய்ந்த பிறகுதான் வினை. டியூபின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றிய யோக் ஒன்று இருக்கும், அது ஒன்றுக்குத்தான் விலை. கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினால் யோக் கையோடு வந்துவிடும், மிச்சக் கண்ணாடி ஏரிக்கரையிலோ ரயில்வே லைன் ஓரத்திலோ கிடக்கும். டியூபுக்குள் வெற்றிடம் என்பதால் சில நேரம் வெடித்துச் சில்லு முகத்தில் அடிக்கும். உள்பக்கம் பூசிய பவுடரும் மூச்சில் ஏறக்கூடாதது. உங்கள் சாமான்காரர் "வேண்டாம்" என்று சொன்னது ஒருவிதத்தில் நல்லதுதான் என்பேன்.

நானும் பல வருடம் செத்த டியூபுகளைக் கடைக்குப் பின்னால் அடுக்கி, எடைக்குப் போட்டவன்தான். அவை போன இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. அந்தக் குறை இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது.

டிவியை நீங்களே திறக்காதீர்கள். உடையாமல் முழுசாக, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஒரு டிவிக்காக அவர்கள் திண்டிவனத்துக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். ஊரில் இன்னும் இருபது முப்பது வீட்டில் இதே டிவி இருக்கும், ஊராட்சித் தலைவரிடம் சொல்லி ஓர் இடத்தில் சேர்த்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், அப்போது வருவார்கள். காசு பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். காரீயக் கண்ணாடியை முறையாகக் கையாள அவர்களுக்குத்தான் செலவு.

ரிமோட்டிலும் கடிகாரத்திலும் போடும் பென்சில் பேட்டரியையுமா சேர்த்து வைக்க வேண்டும்? ஒன்று இரண்டுதானே!
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ஐயா, நம் சின்ன வயசு உங்களுக்கு நினைவிருக்கும். டார்ச் லைட் மங்கினால் பேட்டரிக் கட்டையை வெயிலில் காய வைப்போம், சூட்டில் வேதிவினை கொஞ்சம் வேகம் பிடித்து இன்னும் இரண்டு ராத்திரிக்கு ஓடும். அதுவும் போன பிறகு கல்லால் உடைத்து, நடுவில் இருக்கும் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் கோடு போடுவோம். வீட்டில் மொத்தம் இரண்டு கட்டைதான் அப்போது. இப்போது ஒரு வீட்டில் எண்ணிப் பாருங்கள், ரிமோட் மட்டுமே ஐந்து இருக்கும்.

இன்றைய சாதாரண பென்சில் பேட்டரியில் பெரும்பாலும் துத்தநாகமும் மாங்கனீசும்தான், காரீயம் அளவுக்குப் பயம் இல்லை. ஆனால் பார்வைக்கு அதே அளவில் இருக்கிற, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரிகளில் பழைய வகை சிலவற்றில் காட்மியம் என்ற உலோகம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழைய கார்ட்லெஸ் போனில் இருந்தது பெரும்பாலும் அந்த வகை. எமர்ஜென்சி லைட்டில் இருப்பது பல நேரம் சின்ன காரீய பேட்டரி. பிரித்துப் பார்த்துத் தரம் பிரிக்க நம்மால் முடியாது, அதனால் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைப்பதே சுலபம். 9 வோல்ட் சதுர பேட்டரியின் இரண்டு முனையிலும் செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற பேட்டரியோடு உரசிச் சூடாகும்.

அல்கலைன் என்று எழுதிய பேட்டரி கசிந்து ரிமோட்டுக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட்டால் பல நேரம் ரிமோட் பிழைத்துவிடும்.

பேரன் பொம்மையிலிருந்து வட்டமான சின்ன பேட்டரியை எடுத்து வாயில் வைத்துவிட்டான். நல்லவேளை பிடுங்கிவிட்டேன். விழுங்கியிருந்தால் வெளியே வந்துவிடும்தானே?
— பாட்டி, மயிலாடுதுறை

வந்துவிடும் என்று காத்திருக்கவே கூடாது அம்மா. காசு விழுங்கியதுபோல் இல்லை இது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பட்டன் பேட்டரி தொண்டைக் குழாயில் சிக்கினால், எச்சில் பட்டதும் மின்சாரம் ஓட ஆரம்பித்து, அந்த இடத்தில் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை ஆழமாகப் புண்ணாக்கிவிடும், விட்டால் ஓட்டையே போட்டுவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தீர்ந்த பட்டன் பேட்டரியை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் மூடிய டப்பாவில் போடுங்கள்.

சிஎஃப்எல் பல்பு கை தவறி உடைந்துவிட்டது. பெருக்கி வாசல் குப்பையில் போட்டுவிட்டேன். தப்பா?
— வாசகர், திண்டுக்கல்

பயப்பட வேண்டாம், ஒரு பல்பில் இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். அடுத்த முறை உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லாரும் அறையை விட்டு வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும், கெட்டி அட்டையால் வழித்து, ஈரக் காகிதத்தால் ஒற்றி, கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். உடையாத பழைய சிஎஃப்எல், டியூப் லைட் இரண்டையும் உடைக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊருக்கு மேலே கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசப் பிரச்சினையால் 2001ல் மூடப்பட்டது, அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகும் எத்தனை வருடம் நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய கம்ப்யூட்டர் போர்டு, சிம் கார்டிலிருந்து தங்கம் எடுப்பது எப்படி என்று வீடியோ பார்த்தேன். ஆசிட் மட்டும் போதுமாம். பகுதிநேரத் தொழிலாகச் செய்யலாமா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

தங்கம் இருப்பது உண்மை தம்பி. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் முழுக்கவும் ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய போன், கம்ப்யூட்டர் போன்றவற்றிலிருந்து எடுத்த உலோகத்தில்தான் செய்யப்பட்டன. அறுபது லட்சத்துக்கும் மேல் போன், 78,000 டன்னுக்கும் மேல் மற்ற சாதனங்கள் சேர்த்து, கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ. இந்தக் கணக்கை உன் வீட்டு மாடிக்குச் சுருக்கிப் பார். ஒரு சாக்கு போர்டில் என்ன தேறும்?

அந்த வீடியோவில் பழுப்பு நிறப் புகை வந்ததைப் பார்த்திருப்பாய். நைட்ரிக் அமிலத்திலிருந்து வரும் புகை அது. சுவாசித்த உடனே லேசான இருமல்தான் இருக்கும், சரியாகிவிட்டது என்று படுத்துத் தூங்குவாய், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அப்புறம் அந்த ஆசிட்டை எங்கே கொட்டுவாய்? உங்கள் ஊரில் சாயக் கழிவு பட்ட பாட்டை நீ சின்னதிலிருந்து பார்த்து வளர்ந்திருப்பாய்.

ஆர்வம் இருந்தால் ரிப்பேர் கற்றுக்கொள். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கை மாற்றி, எஸ்எஸ்டி என்கிற வேகமான புதிய சேமிப்புக் கருவியைப் போட்டால் இன்னும் நாலு வருடம் ஓடும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் இன்றும் எத்தனையோ குடும்பம் இந்த வேலையில் கௌரவமாகப் பிழைக்கிறது. ஒரு பொருள் கூடுதலாக நாலு வருடம் ஓடினால், அந்த நாலு வருடமும் அது குப்பை இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மறுசுழற்சி கிடையாது.

பழைய போன்களைக் கொடுக்கத் தயார். ஆனால் உள்ளே இருக்கும் போட்டோ, வங்கி விவரம் யார் கைக்காவது போய்விடுமே?
— வங்கி ஊழியர், சேலம்

வேண்டியதை வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள், பலர் மறப்பது மெமரி கார்டைத்தான். கடந்த பல வருடங்களில் வந்த போன்களில் தகவல் பூட்டப்பட்டே இருக்கும் என்பதால் ரீசெட்டுக்குப் பிறகு திரும்ப எடுப்பது லேசில்லை. பழைய கம்ப்யூட்டர் என்றால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். ஆன் ஆகவே செய்யாத போனைச் சர்வீஸ் சென்டரில், ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதா? எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒருவரும் தெளிவாகச் சொல்வதில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

இருக்கிறது. பேட்டரிக்கு 2022 ஆகஸ்டில் தனி விதிகள் வந்தன. மின்னணுக் கழிவுக்கான 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன, போன், டிவியிலிருந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோலார் பேனல் வரை அதில் அடங்கும். சுருக்கமாகச் சொன்னால், தயாரித்து விற்ற கம்பெனிதான் அது கழிவானதும் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. பெட்டியில் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கிறதே, அது "இதைக் குப்பையில் போடாதே" என்று உங்களுக்குச் சொல்வது. அந்தப் பொறுப்பைக் கம்பெனிக்கு நினைவூட்ட வேண்டியது வாடிக்கையாளர்தான். கம்பெனியின் கட்டணமில்லாத எண்ணுக்குப் போன் செய்து "என் பழைய பொருளை எங்கே ஒப்படைப்பது?" என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள், எழுத்துக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்வார்கள். மாநகராட்சியிலும் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள், சென்னைக்காரர்கள் 1913க்கு அழைத்துக் கேட்கலாம். எதுவும் உடனே முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு டப்பா போன், சார்ஜர், வயர் ஆறு மாதம் வீட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது. உப்பிய பேட்டரி மட்டும் காத்திருக்கக் கூடாது.

ஃபிரிட்ஜ், ஏசி பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். பழசைப் புதுசுக்கு மாற்றாகக் கடையிலேயே கொடுங்கள். எடைக்குப் போட்டால் முதல் வேலையாகச் செம்புக் குழாயை வெட்டி, உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவைக் காற்றில் விட்டுவிடுவார்கள்.

நான் இருபது வருடமாகக் காயலான் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் நாங்கள்தான் ஊரைக் கெடுப்பதுபோல் இருக்கிறது. நாங்கள் எடுக்காவிட்டால் இதெல்லாம் தெருவில்தானே கிடக்கும்? எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.
— கடைக்காரர், வேலூர்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அண்ணாச்சி. நீங்கள் சொல்வது சரி. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருத்தெருவாகக் கூவிய காலத்திலிருந்து, இந்த நாட்டில் மறுசுழற்சி என்று ஒன்று நடந்தது உங்களால்தான். 2022ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை. நம் நாட்டில் வீட்டு வாசல்வரை வந்து எடுக்கிற ஆள் உங்களைத் தவிர வேறு யார்?

சேகரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, உடைப்பதை, எரிப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அதில் முதலில் கெடுவது உங்கள் உடம்பும் உங்கள் கடைப் பையன்களின் உடம்பும். வயரை எரித்துச் செம்பு எடுக்கும்போது அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து டயாக்சின் என்ற விஷம் வருகிறது, புற்றுநோய்க்குக் காரணமாவது. கையால் சுற்றுகிற வயர் உரிக்கும் மெஷின் கிடைக்கிறது. எரித்துக் கறுத்த செம்பைவிட உரித்த செம்புக்கு விலையும் கூடுதல், இது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போர்டுகளை உடைக்காமல் சாக்கில் சேர்த்து, பதிவு பெற்ற நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றுப் பாருங்கள், டன் கணக்கில் தரமுடிந்தவர்களை அவர்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேட்டரியை ஆசிட்டோடு முழுசாகவே கைமாற்றுங்கள். எடை குறைக்க ஆசிட்டைக் கவிழ்க்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கடையில் வேலை பார்த்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள் அண்ணாச்சி. கடையிலேயே ஒரு சட்டை மாற்று, ஒரு சோப்பு, ஒரு வாளித் தண்ணீர். காரீயத் தூசி பெரும்பாலும் அப்பாவின் சட்டையில்தான் வீட்டுக்குள் வருகிறது. கடைப் பையன்களுக்கு வருடம் ஒருமுறை ரத்தத்தில் காரீய அளவு பரிசோதனை செய்துவிட முடிந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பள்ளியில் பழைய பேட்டரி சேகரிக்கப் பெட்டி வைக்கலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அனுமதி கொடுக்கலாமா?
— தலைமை ஆசிரியை, தென்காசி

கொடுங்கள் அம்மா, ஆனால் எடுத்துப்போக வருகிறவரை முதலில் பேசி வைத்துவிட்டு அப்புறம் பெட்டியை வையுங்கள். பெட்டி நிறைந்து, யாரும் வராமல், கடைசியில் அது மொத்தமாகக் குப்பைக்குப் போன பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் முகம் வாடிவிடும். பென்சில் பேட்டரி, பட்டன் பேட்டரி மட்டும் வாங்குங்கள், முனையில் டேப் ஒட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். போன் பேட்டரி, பவர் பேங்க், உப்பியது, கசிந்தது எதையும் பள்ளிப் பையில் கொண்டுவரக் கூடாது என்று பெட்டி மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆய்வுக்கூடத்து மர அலமாரியில் வேண்டாம், மழைச் சாரல் படாத வராந்தாவில், ஆசிரியர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். பெட்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் கை விட்டு எடுத்துவிடுவார்கள்.